கடலில் ஒட்டிய பச்சைப் புள்ளி

என் ராத்தா, பதில் ஸலாம் சொல்ல உனக்கு வாய் இல்லை என்று தெரிந்தும் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்னை ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டவள் இல்லை நான். நீ எனக்கு ஒன்றரை வயதுதான் மூத்தவள். வாப்பா எத்தனை தடவை அதட்டியும் அந்த மரியாதை என் வாயில் ஏறவில்லை. மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு திடீரென்று மரியாதை கொடுத்தால் நீயே சிரிப்பாய். ஆகவே நீ என்றே எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஊரும் வாசிக்கும். அச்சில் போடத்தான் எழுதுகிறேன். உன் வீட்டு விஷயம் வெளியில் போவது உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்வது எனக்குப் புதிதில்லைதானே. ஆனால் இந்தத் தடவை உன் மகள் ரிஸ்னாவிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். ரிஸ்னாவுக்குப் பேசிய அந்த மாப்பிள்ளை நிந்தவூரில் கலியாணம் முடித்துவிட்டான். பெண்ணுக்கு இரண்டு மாடி வீடாம். உன் தையல் மெஷினில் இப்போது ரிஸ்னாதான் அபாயா தைக்கிறாள். உன்னைவிட நேராகத் தைக்கிறாள், கோபித்துக்கொள்ளாதே. கிணற்றுக்குப் பலகை போட்டு மூடிவிட்டு குழாய்த் தண்ணீர் எடுத்திருக்கிறாள். மச்சான், ரிஸ்னாவின் வாப்பா, இன்னும் கட்டாரில்தான். உன் பெயரைச் சொன்னதும் தொலைபேசியை வைத்துவிடுகிறார்.

என் புதினம் கொஞ்சம் பெரிது. நான் இப்போது மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறேன். ஆய்வு செய்கிறவர்களுக்கும், திட்டங்களை மதிப்பீடு செய்கிறவர்களுக்கும், தரவுகளை எப்படிப் படமாகக் காட்டுவது என்று. கொழும்பில் ஹோட்டல் மண்டபம், குளிர், இரண்டு வேளைத் தேநீர், கழுத்தில் பெயர் அட்டை. முதல் நாள் சலாகை வரைபு, இரண்டாம் நாள் கோட்டு வரைபு, மூன்றாம் நாள் தேசப்படம். மூன்றாம் நாள் நான் திரையில் போடுவது உன் படத்தை. 'அலங்காரம் இல்லாமல், ஒரே நிறத்தால், ஒரே பார்வையில் விளங்கும் படம்' என்று அதைப் புகழ்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்பேன்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்.

நான் மதிப்பீட்டு வேலை செய்கிறவள். ஒரு நிறுவனம் ஒரு உதவியைச் செய்தால், அது உண்மையில் பலன் தந்ததா என்று வீடு வீடாகக் கேட்டு, வந்த பதில்களை எண்ணி, படமாகக் கீறிக் கொடுப்பது என் தொழில். கீறுவதில் ஒரு விதி உண்டு. படத்தை வெளியில் விட முன்னர், அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டு, அவர் ஐந்து விநாடியில் என்ன சொல்கிறார் என்று பார். எனக்கு அந்த ஒருவர் நீதான். உன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, லெப்டொப்பை மடியில் வைத்துத் திருப்பிக் காட்டுவேன். நீ கால் மிதியை நிறுத்தாமலேயே பார்ப்பாய்.

ஒருநாள் வட்ட வரைபொன்று காட்டினேன். எட்டுத் துண்டு, எட்டு நிறம்.

"இதென்னகா, பொறந்தநாள் கேக்கா? எந்தத் துண்டு பெரிசு எண்டு வெட்டித் திண்டு பாத்தாத்தான் தெரியும்."

இன்னொரு நாள் சலாகை வரைபு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு உயரப் பட்டைகள். வித்தியாசம் பெரிதாகத் தெரியட்டும் என்று அச்சைப் பூச்சியத்தில் தொடங்காமல் நடுவில் தொடங்கியிருந்தேன். கொழும்பில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நீ நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாய்.

"இவங்கட காலெல்லாம் எங்க?"

"என்ன காலு?"

"ரெண்டு பேருக்கும் முழங்காலுக்குக் கீழ வெட்டிப்போட்டு, யாரு உசரம் எண்டு கேக்கிறாய். அது ஞாயமா?"

இன்றைக்கு அதை நான் அப்படியே படிப்பிக்கிறேன். முழங்கால் கதையைச் சொன்னால் மண்டபமே சிரிக்கும், பிறகு ஒருவரும் மறக்கமாட்டார்கள். உன்னுடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'எங்கட ஊர்ல ஒரு பொம்புள' என்றுகூடச் சொன்னதில்லை. என் சொந்தச் சரக்கு போல எடுத்துவிடுவேன்.

நான் கீறியவற்றில் உன்னிடம் காட்டாமல் வெளியில் விட்டது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான்.

உனக்கு வலிப்பு இருந்தது. ரிஸ்னா பிறந்த பிறகு வந்தது, மாத்திரையால் அடங்கிக் கிடந்தது. அது தெரிந்தவர்கள் மச்சானும் ரிஸ்னாவும் நானும் மட்டுந்தான். பக்கத்தில் கல்முனையிலேயே கிளினிக் இருக்க, நீ பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போய் மருந்து எடுத்தாய். யாராவது கேட்டால் துணி எடுக்கப் போகிறேன் என்பாய். உண்மையாகவே ஒரு துண்டுத் துணியும் வாங்கிக்கொண்டு வருவாய், பொய் சொன்னதாக ஆகிவிடக்கூடாது என்று. அத்தனை ஒளிப்பும் ரிஸ்னாவுக்காக. வலிப்புக்காரியின் மகள் என்று ஒரு சொல் ஒழுங்கைச் சந்துக்குள் விழுந்தால், ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்தக் காலத்தில்தான் ஒரு நிறுவனம் எங்கள் கரையோர ஊர்களில் வலிப்புக்கும் மனநோய்க்கும் மருந்து எடுக்கிறவர்களுக்கு உதவும் திட்டமொன்றைத் தொடங்கியது. எத்தனை வீடுகளில் மருந்து எடுக்கிறார்கள், ஒழுங்காக எடுக்கிறார்களா என்று ஒரு கணக்கெடுப்பு. படம் கீறும் வேலை எனக்கு. உன் ஒழுங்கைக்கு வந்தவள் காரைதீவுத் தர்ஷினி. கையில் பதில் பதியும் டெப்லெட்டோடு, வெயிலில் கறுத்து, ஒவ்வொரு வாசல் கடப்பிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்கும் பிள்ளை. அவளிடம் உண்மையைச் சொல்லவா என்று நீ என்னிடம் கேட்டாய்.

"நம்பிச் சொல்லு ராத்தா. பேரு ஒரு இடத்திலயும் வராது" என்று சொன்னேன்.

நீ சொன்னாய். சொல்லிவிட்டு அவளிடம் ஒன்று கேட்டிருக்கிறாய். அந்தப் பிள்ளை அதை டெப்பில் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதியிருந்தாள். 'மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். இந்த வீடு எந்தப் படத்திலும் தெரியக்கூடாது என்று கேட்கிறார். தயவுசெய்து கவனிக்கவும்.'

நான் அதை வாசித்தேன், ராத்தா. வாசிக்கவில்லை என்று இத்தனை நாளாக எல்லோருக்கும் சொன்னேன். வாசித்தேன்.

தரவு வந்ததும் முதலில் அதைத் துப்புரவாக்க வேண்டும். இரண்டு தடவை பதிந்ததை எடுப்பது, வெற்றிடங்களைப் பார்ப்பது, அட்டவணையில் தேவையில்லாத நிரல்களை நீக்குவது. குறிப்பு நிரல் எப்போதும் தலையிடி. அதில் உள்ளதை எண்ணவும் முடியாது, கீறவும் முடியாது. முழு நிரலையும் தெரிவுசெய்து அழித்துவிட்டேன். உன் வசனமும் அதோடு போனது. பெயர் இல்லைதானே, வெறும் புள்ளிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு படத்தைக் கீறினேன். வீதிகள் சாம்பல், கடல் வெளிறிய நீலம், மருந்து எடுக்கிறவர் உள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. கரையோரமாகப் புள்ளிகள் வரிசையாக இறங்கி வந்தன. ஒரு இடத்தில் மட்டும் வரிசை அறுந்துவிடும் போல இருந்தது, அந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்தது ஒழுங்கையின் கடைசியில் இருந்த ஒற்றைப் புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கூரை. பக்கத்தில் வேறு வீடு இல்லை. அந்தப் புள்ளியை எடுத்துப் பார்த்தேன், படம் பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்தது. திரும்பப் போட்டேன்.

என்ன செய்திருக்கலாம் என்று கேள். புள்ளியே போடாமல், பிரிவு பிரிவாக நிறம் தீட்டியிருக்கலாம். ஒவ்வொரு புள்ளியையும் கொஞ்சம் தள்ளி, இடம் பிசகிப் போட்டிருக்கலாம். வீடுகள் குறைந்த ஒழுங்கைகளைப் பக்கத்து ஒழுங்கையோடு சேர்த்திருக்கலாம். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். இன்றைக்கு இதைத்தான் மூன்றாம் நாள் காலையில் வகுப்பாக எடுக்கிறேன்.

கொழும்பில் இருந்த பெரியவர்கள் படத்தைப் பார்த்து, பெயர் இல்லை, இலக்கம் இல்லை, பிரச்சினை இல்லை என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு வீடு என்றால் சுவரும் கூரையும். நம் கரையில் வீடு என்றால் பெண். வாப்பாவும் உம்மாவும் பாடுபட்டு மகளுக்குக் கட்டிக்கொடுப்பது, மாப்பிள்ளை வந்து குடியேறுவது. மகளுக்கு வயது வந்தால் உம்மா அதே வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் குசினியோடு ஒரு அறையில் ஒதுங்குவது. உன் வீடும் அப்படித்தான் ரிஸ்னாவுக்கு என்று பேச்சாகியிருந்தது. அந்த வீட்டைச் சுட்டினால் அந்தப் பெண்ணைச் சுட்டியது. இது கொழும்புக்குத் தெரியாது. சீதன வீட்டில் இருந்துகொண்டு கீறிய எனக்குத் தெரியும்.

அப்படியும் ஏன் உன்னிடம் காட்டவில்லை? நேரம் இல்லை என்று சொல்லலாம். பொய். காட்டினால் நீ எடுக்கச் சொல்வாய். எடுத்தால் படம் கெடும். அவ்வளவுதான், அதற்குமேல் அதில் ஒரு காரணமும் இல்லை.

பிறகு நம் ஊர் மண்டபத்தில் அந்தக் கூட்டம். கணக்கெடுப்பில் கண்டதை ஊருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மதிப்பீட்டில் நல்ல வழக்கம். பெண்கள் சங்கங்களைக் கூப்பிட்டிருந்தோம். ஆள் குறைந்தால் வெட்கம் என்று நான்தான் உன்னையும் வரச்சொன்னேன். சுவரில் என் படம், ஆளுயரத்துக்கு அச்சடித்து ஒட்டியிருந்தது. கண்ணாடி போடாதவர்களும் வாசிக்கட்டும் என்று விளக்கத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். 'சிவப்பு: வலிப்பு அல்லது மனநோய்க்கு மருந்து எடுப்பவர் உள்ள வீடு.'

வருகிறவர்களுக்குப் படம் பழக வேண்டுமே. அதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். ஆளுக்கு ஒரு பச்சை ஸ்டிக்கர் கொடுத்து, உங்கள் வீடு எங்கே என்று தேடி ஒட்டுங்கள் என்றேன். என் யோசனைதான். படத்தில் தன் இடத்தைக் கண்டுபிடித்தவர் மற்றதையும் வாசிப்பார் என்று எங்கேயோ படித்திருந்தேன். பெண்கள் சிரித்துச் சிரித்து ஒட்டினார்கள். "இஞ்ச பள்ளி, இஞ்ச மீன் வாடி, மறுகா எங்கட வளவு" என்று விரலால் நடந்தார்கள். ஒவ்வொரு பச்சையும் விழ விழ, யாருடையது என்று தெரியாமல் மிஞ்சிய சிவப்புகள் தனித்துத் தெரியத் தொடங்கின. நான் பின்னால் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

உன் முறை வந்தது. நீ ஸ்டிக்கரை விரல் நுனியில் வைத்துக்கொண்டு படத்தின் முன் நின்றாய். உன் விரல் வீதியால் இறங்கி, ஒழுங்கைக்குள் திரும்பி, கடைசி வரைக்கும் போய் நின்றது. நீ விளக்கத்தை வாசித்தாய். திரும்பவும் வாசித்தாய். உன் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

நீ அந்தப் பச்சையைக் கொண்டுபோய்க் கடலில் ஒட்டினாய்.

உனக்குப் பின்னால் நின்றவள் மாப்பிள்ளையின் உம்மா. பதினைந்து நாளைக்கு முன்னர்தான் வீடு பார்க்க வந்து, உன் வட்டிலப்பத்தை இரண்டு துண்டு கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனவள். கெட்டவள் இல்லை. உதவிதான் செய்தாள்.

"அல்லாஹ்வே, கடலுக்குள்ள ஒட்டிட்டியே புள்ள. அங்க இல்லகா ஒண்ட வீடு. நான் வந்தனான்தானே, எனக்குத் தெரியும். இஞ்ச."

ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, உன் வீட்டின் மேல் சரியாக வைத்து, பெருவிரலால் அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் பச்சையின் ஓரத்தில் சிவப்பு தெரிவதைக் கண்டாள். விளக்கத்தைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெருவிரலைத் தன் அபாயாவில் துடைத்தாள். அதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்.

தேநீர் வந்தது. நான் அடுத்த படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் நீ கேட்டாய், "அது எப்பிடி வந்திச்சு?"

"தர்ஷினிட பிழை ராத்தா. காட்டப்படாத வீட்டயும் காட்டலாம் எண்டு டெப்ல அடிச்சிட்டா. நான் காணல்ல."

"அவளா?"

"ஓம்."

நீ வெளியில் பார்த்துக்கொண்டு வந்தாய். இரண்டு நாளில் பையனுக்கு இப்போது கலியாண எண்ணம் இல்லையாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்கள் சங்கத்தில் இருந்து ஒரு முறைப்பாடும் வந்தது. அலுவலகத்தில் கேட்டபோது அங்கேயும் அதே பொய்யைச் சொன்னேன், இந்தத் தடவை இன்னும் சரளமாக வந்தது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்புக்குத் தர்ஷினியைக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை இரண்டு தடவை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் தூக்கவில்லை.

உன்னிடம் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தேன். நீ கதிரை போட்டாய், தேத்தண்ணீர் தந்தாய், அபாயாவுக்கு அளவெடுத்தாய். அந்த மண்டபத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. மன்னித்துவிட்டாய் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மன்னிக்க ஒன்றும் இல்லை, நீ தர்ஷினியைத்தான் நினைத்திருக்கிறாய் என்று நிம்மதியாக இருந்தேன். ஒன்று மட்டும் மாறியிருந்தது. நான் லெப்டொப்பைத் திருப்பினால் நீ தலையை நிமிர்த்தவில்லை. "நல்லாருக்கு" என்பாய். எதைக் காட்டினாலும் நல்லாருக்கு.

சில மாதங்களில் இரண்டாம் சுற்று நடந்தது. வேறொரு பிள்ளை உன் கடப்பில் வந்து நின்றாள். இந்த வீட்டில் யாரும் மருந்து எடுக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றாய். பட்டியல் என்னிடம் வந்தது. முன்னர் 'ஆம்', இப்போது 'இல்லை'. அப்படி மாறிய வீடுகளைப் பச்சையாகக் காட்டுவது என்று முடிவாகியிருந்தது, பச்சை என்றால் முன்னேற்றம். உன் புள்ளி பச்சையானது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ராத்தா. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. உன் வீட்டில் இருந்து சிவப்புப் போனது, ஊர் வாய்க்கும் ஒரு பதில், அறிக்கைக்கும் ஒரு பச்சை. நீ வெட்கத்தில் பொய் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். மருந்தையே விட்டுவிட்டாய் என்று எனக்குத் தோன்றவில்லை. வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் என்னவாகும் என்று அதே அறிக்கையின் முன்னுரையில் நானே எழுதியிருந்தேன். உன் வீட்டுக்கு நடந்து வரப் பத்து நிமிடம். வந்து கேட்கவில்லை. பச்சைக்கு எந்தச் சாயல் நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் கிணற்றடியில் விழுந்தாய். துணி அலசப் போனவள். ரிஸ்னா கண்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

உன் அலுமாரியில் துணிக்கு அடியில் கிளினிக் அட்டை இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒரு முத்திரை, ஒழுங்காக, ஒரு வரிசையாக. மண்டபக் கூட்டம் நடந்த மாதத்தோடு முத்திரை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள். நான் எத்தனையோ வரைபு கீறியிருக்கிறேன். அந்த அட்டையைப் போல ஒன்று என் கையால் வந்ததில்லை.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை என்பதை ஊர் தெரிந்துகொள்ளட்டும். உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த அடுத்த கிழமையே கொழும்புக்குப் போய் அந்தப் படத்தைத் திரையில் போட்டேன். ஒரு பெண் ஆய்வாளர் கையை உயர்த்தி, ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளியை ஊர்க்காரர்கள் அடையாளம் காணமாட்டார்களா, அது பிழையில்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி என்று அவரைப் பாராட்டினேன். சம்மதம் பெற்றுத்தான் போட்டோம் என்றேன். வாய் கூசவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் கோழிக்கறி இருந்தது, சாப்பிட்டேன்.

இரவெல்லாம் அழுதேன், நித்திரை இல்லை என்றெல்லாம் எழுதினால் ஊர் இரக்கப்படும். அப்படியொன்றும் இல்லை. நன்றாகத்தான் நித்திரை கொண்டேன். என்னை மாற்றியது தர்ஷினி. போன மாதம் கல்முனைச் சந்தையில் கண்டேன். மரக்கறிக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றாள். கணக்கெடுப்பு வேலைக்கு இப்போது ஒரு நிறுவனமும் கூப்பிடுவதில்லையாம், தகவலை வெளியில் விட்டவள் என்று பெயர் பரவிவிட்டதாம். என்னிடம் கத்தரிக்காய் நிறுத்துத் தந்துவிட்டுக் கேட்டாள்.

"மிஸ், நான் எழுதின குறிப்பு ஒங்களுக்கு வந்ததா?"

"வந்தது" என்றேன். நீ மௌத்தான பிறகு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு நிறுக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நல்லாயிருக்கும். நான் பையைத் தூக்கிக்கொண்டு நேரே ரிஸ்னாவிடம் போனேன். குறிப்பை வாசித்தது, அழித்தது, உன் கூரையைக் கண்டது, ஓட்டோவில் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகுதான் காலை எடுத்தாள்.

"எனக்குத் தெரியும் சாச்சி."

"எப்பிடி?"

"கலியாணப் பேச்சு முறிஞ்சி ஒரு கிழமைல தர்ஷினி அக்கா வந்தவ. தான் எழுதின குறிப்ப டெப்ல எடுத்து உம்மாக்கு வாசிச்சிக் காட்டினவ. உம்மா கேட்டுட்டு, தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா."

அப்படியென்றால், ராத்தா, எனக்கு நீ தேத்தண்ணீர் தந்த அத்தனை நாளும் உனக்குத் தெரியும். 'நல்லாருக்கு' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தெரியும். ஏன் என் முகத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றவில்லை?

"அவ போன மறுகா எனக்கிட்ட ஒண்டு மட்டும் சொன்னா" என்றாள் ரிஸ்னா. "நான் மௌத்தானா ஒண்ட சாச்சி என்ட மையத்தத் தொடப்படாது எண்டு சொன்னா."

அடக்கம் செய்ய முன்னர் உன் உடம்பைக் குளிப்பாட்டியவர்களில் நான் ஒருத்தி. வலப்பக்கத்தை நான் கழுவினேன். கிணற்றுக் கட்டின் கல்லில் அடிபட்டு நெற்றியில் பிளந்திருந்த இடத்தை, உனக்கு வலிக்குமோ என்று பயந்ததைப் போல மெதுவாகத் துடைத்தேன். கற்பூரத் தண்ணீரை ஒவ்வொரு கோப்பையாக அள்ளி என் கையில் தந்தவள் ரிஸ்னா.

"நீ தண்ணி அள்ளித் தந்தியே புள்ள. ஏன் என்னத் தடுக்கல்ல?"

அவள் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். சத்தமே போடவில்லை.

"உம்மா சொன்னபடி செஞ்சிருந்தா, நீங்க வாசல்ல நிண்டு அழுதிட்டுப் போயிருப்பீங்க. அந்தக் காயத்த நீங்க கிட்ட இருந்து பாக்கணும் எண்டு நெனச்சன். அதான் உட்டன்."

பிறகு மெஷினில் நூல் கோத்தாள். இதையெல்லாம் எழுதி வெளியில் போடவா, உம்மாவுக்கு வலிப்பு இருந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே, உனக்கு இனி மாப்பிள்ளை பேச வேண்டாமா என்று கேட்டேன். "வாறவன் தெரிஞ்சிக்கிட்டு வரட்டும். எழுதுங்க. தர்ஷினி அக்காட பேரையும் எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான் கதைத்தாள். தேத்தண்ணீர் தரவில்லை.

ராத்தா, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ உயிரோடு இருக்கும்போதே யோசித்து முடிவு சொல்லிவிட்டாய், அதைத் திரும்பப் பேசுவதற்கு நான் யார்? வருகிற சனிக்கிழமை அதே மண்டபத்தில் அதே பெண்கள் சங்கங்களைக் கூப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நான்தான் வாசிப்பேன். தர்ஷினி முன்வரிசையில் இருப்பாள், வரச் சம்மதித்துவிட்டாள். கொழும்பில் அந்தப் படத்தை நீக்கச் சொல்லி எழுதிவிட்டேன், என்ன காரணத்தால் என்றும் எழுதிவிட்டேன். இனி யாரும் என்னைப் படிப்பிக்கக் கூப்பிடமாட்டார்கள்.

நம் ஊர்ப் பெண்களை உனக்குத் தெரியும்தானே. வாசித்து முடித்ததும் யாராவது ஒருத்தி என் தோளைத் தொட்டு, "பாவம், தெரியாமச் செஞ்சிட்டா" என்பாள். உனக்கு நான் தரும் வாக்கு ஒன்றுதான். அவள் எத்தனை தடவை அப்படிச் சொன்னாலும், அத்தனை தடவையும் எனக்குத் தெரியும் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் மையத்தைத் தொடக்கூடாது என்று நீ சொல்லிவைத்த
தங்கச்சி